நடிக்காதவர் சான்றிதழ்

பெரம்பலூர், அரியலூர் ஆகிய இரண்டு மாவட்டங்களிலும் சேர்த்து ஒன்பது திரைகள் உள்ளன. ஒன்பதுக்கும் விநியோகஸ்தர் ஒருவர்தான். பெயர் திருமுருகன். அவர் படம் எடுப்பதில்லை. நடிப்பதில்லை. பார்ப்பதும் இல்லை. எந்தப் படம் ஓட வேண்டும் என்று முடிவு செய்வது மட்டும் அவர் பொறுப்பு.

மக்கள் விருப்பப்படிதான் முடிவு செய்கிறார். மக்களைக் கேட்பது கிடையாது. கேட்டால் குழம்பிவிடுவார்கள் என்பது அவர் கருத்து.

எங்கள் ஊர் பாடாலூரிலிருந்து நாலு கிலோமீட்டர். வாக்காளர் பட்டியல்படி இருநூற்றுப் பன்னிரண்டு பேர். மக்காச்சோளம் போடுகிறோம். தை பிறந்தால் கருது ஒடிப்பு. ஒடித்த கருதை அடித்து மணியாக்கித் தருவது பக்கத்து ஊர் ராஜவேலின் மிசின். டிராக்டரில் மாட்டி இழுத்துக்கொண்டு வருவான். முப்பத்தைந்து வயது. குடி இல்லை, சீட்டு இல்லை. ஒரே ஒரு கோளாறு. சினிமா எடுத்துவிட்டான்.

படத்தின் பெயர் 'அடிமிசின்'. ஒரு மிசின்காரன், ஒரு கூலிக்காரி, பருவம் தப்பிய ஒரு மழை. அவ்வளவுதான் கதை என்றான். நடித்தது முழுக்க எங்கள் ஊர். மிசின்காரனாக அழகேசன். கூலிக்காரியாக எங்கள் வார்டு மெம்பர் ஜெயலட்சுமி. மற்றவர்கள் கூட்டம்.

சம்பளம் கொடுக்க அவனிடம் வழியில்லை. ஜெயலட்சுமி ஊர் சார்பில் பேசினாள்.

"சம்பளமெல்லாம் வேணாம் தம்பி. பெரம்பலூர் சினிமாக் கொட்டாயில எங்க மூஞ்சிய நாங்க பாக்கணும். அதுவரைக்கும் மிசின் இங்கயே நிக்கட்டும்."

"மிசின் எதுக்கு அத்தை?"

"நீ பாட்டுக்கு மெட்ராசுக்குப் போயிட்டீன்னா? எங்க மூஞ்சிய நாங்க எங்க போயித் தேடுறது?"

நியாயம்தான். மிசினைக் கோயில் வேப்பமரத்தில் சங்கிலி போட்டுக் கட்டினோம். சாவி ஜெயலட்சுமி இடுப்பில்.

இதில் ஒரு சிக்கல் இருந்தது. எங்கள் கருதை அடிக்கவும் அந்த மிசின்தான் வேண்டும். ஆனால் அது ஈடு. ஈட்டுப் பொருளைத் தொடக் கூடாது என்பது ஊர்க் கட்டுப்பாடு. வேறு மிசினைக் கூப்பிடலாமே என்பீர்கள். வர மாட்டார்கள். ஒவ்வொரு மிசின்காரனுக்கும் இன்ன இன்ன ஊர் என்று உண்டு. அடுத்தவன் ஊரில் கால் வைக்க மாட்டான். அதைப் பற்றி நாங்கள் யாரும் மனு கொடுத்ததில்லை. அது ஒழுங்கு. திருமுருகன் செய்வதுதான் அக்கிரமம்.

மார்கழி பிறந்துவிட்டது. கருது மஞ்சளாகிக்கொண்டிருந்தது. தைக்குள் படம் ஓட வேண்டும். இல்லையேல் ராஜவேலுக்குப் பிழைப்பு போச்சு, எங்களுக்கு வெள்ளாமை போச்சு.

அரியலூரில் ஒரு சிமெண்டுக் கடை மாடியில் திருமுருகன் ஆபீஸ். அது அரசாங்க ஆபீஸ் அல்ல. ஆனால் குறை ஒன்றும் வைக்கவில்லை. டோக்கன் இருந்தது. 'வரிசையில் வரவும்' இருந்தது. 'உணவு இடைவேளை' பலகை காலை பத்தரைக்கே தொங்கிக்கொண்டிருந்தது. ராஜவேல், ஜெயலட்சுமி, நான் மூவரும் போனோம். எனக்கு அரியலூரில் பல் டாக்டரைப் பார்க்க வேண்டியிருந்தது.

"படம் பேரு?" என்றார் திருமுருகன்.

"அடிமிசின் சார்."

"அடிதடியா?"

"இல்ல சார். மக்காச்சோளம்."

பேனாவை மூடிவிட்டார். "மக்கள் விரும்ப மாட்டாங்களேப்பா."

"எப்படி சார் சொல்றீங்க?"

"நம்ம ஒம்பது தியேட்டர்லயும் பாரு. இந்த மாதிரி சின்னப் படம் ஒண்ணாவது ஓடுதா?"

"நீங்க போட்டாத்தானே சார் ஓடும்?"

"ஓடாததை எப்படிப்பா போடறது?"

ராஜவேல் கொஞ்சம் யோசித்தான். எங்கே இடிக்கிறது என்று பிடிபடவில்லை. எனக்கும்தான்.

"சரி, ஒண்ணு பண்ணு. வேற எங்கயாவது இருபத்தஞ்சு நாள் ஓடுன சான்று கொண்டா. அடுத்த நிமிஷம் போடறேன்."

"திருச்சியில கேட்டுட்டேன் சார். மொதல்ல உங்க ஊர்ல ஓடுன சான்று கொண்டாங்கறாங்க."

"கரெக்டாத்தானே கேட்டிருக்காங்க."

"பொங்கலுக்கு ஒரு திரை குடுங்க சார். ஒண்ணே ஒண்ணு."

"பொங்கலுக்கு எட்டு திரையில பெரிய நடிகர் படம். எல்லா மொழியிலயும் வருது. யாருக்கும் எந்த மொழியிலயும் புரியாது. அவ்வளவு பிரம்மாண்டம்."

"அப்ப ஒம்பதாவது?"

"அது ரிசர்வ். எட்டுலயும் கூட்டம் வழிஞ்சா ஊத்தணும்ல?"

ஜெயலட்சுமி எழுந்தாள்.

"தம்பி, சிறுவாச்சூர் ஆத்தா வாரத்துக்கு ரெண்டு நாள்தான் நடை தொறக்குறா. திங்களு, வெள்ளி. அவகிட்டயே எங்களுக்கு தரிசனம் கெடைச்சுருது. நீ ஒம்பது கதவு வச்சிருக்க. ஒண்ணு தொறக்க மாட்டேங்குற. நீ என்ன, அவளுக்கு மேலயா?"

"மனு குடுங்கம்மா. பரிசீலிக்கிறேன்" என்றார். உணவு இடைவேளை தொடங்கிவிட்டது.

மனு கொடுத்தோம். அவரிடம் அல்ல. திங்கள்தோறும் மனு வாங்கும் ஒரு பெரிய ஆபீஸில் கொடுத்தோம். எந்த ஆபீஸ் என்று சொல்ல மாட்டேன். சொன்னால் எனக்கும் ஒரு மனு எண் கொடுத்துவிடுவார்கள். 'மேற்படி திருமுருகன் என்பவர் இரு மாவட்டத் திரைகளையும் ஒற்றைக் கையில் வைத்துக்கொண்டு உள்ளூர்ப் படங்களை நசுக்குகிறார்' என்று நான்தான் எழுதிக் கொடுத்தேன். கையெழுத்து நன்றாக வந்திருந்தது.

சாயந்திரமே ராஜவேல் போனுக்குச் செய்தி வந்தது. 'தங்கள் மனு உரிய அலுவலருக்கு அனுப்பப்பட்டுள்ளது.'

பதினோரு நாள் கழித்து உரிய அலுவலரிடமிருந்து பதில் வந்தது. உரிய அலுவலர் திருமுருகன். பொருள் திரையரங்கு. திரையரங்கு என்றால் இரண்டு மாவட்டத்திலும் அவர்தான். வேறு யாருக்கு அனுப்புவார்கள்? அவரும் அதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆபீஸ் வாசலில் பெயருக்குக் கீழே 'உரிய அலுவலர்' என்று புதிதாக எழுதிப் போட்டுவிட்டார்.

பதில் இப்படி இருந்தது:

'தங்கள் மனுவின் மீது திருமுருகன் என்பவரிடம் நேரில் தீர விசாரணை மேற்கொள்ளப்பட்டது. அன்னார் முழு ஒத்துழைப்பு நல்கினார். அவருக்குப் போட்டியாளர் எவரும் இல்லை என்பது தெரியவருவதால், போட்டியை நசுக்கினார் என்னும் குற்றச்சாட்டு பொருந்தாது. எனினும் கருணை அடிப்படையில் தங்கள் படத்துக்கு ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஏழு பத்து மணிக் காட்சி வழங்கப்படுகிறது. குறைந்தது ஐம்பது பார்வையாளர்கள் இருத்தல் வேண்டும். படத்தில் நடித்தவர்கள் தத்தம் முகத்தைப் பார்க்க வருவார்களேயன்றிப் படம் பார்க்க வருவதில்லையாதலால் அவர்கள் பார்வையாளராகக் கருதப்பட மாட்டார்கள். ஒவ்வொரு பார்வையாளரும் தாம் நடிக்கவில்லை என்பதற்கு அரசுச் சான்று இணைத்தல் வேண்டும்.'

"என்னாடா இது?" என்றாள் ஜெயலட்சுமி.

"நடிக்காதவர் சான்று வாங்கணும் அத்தை."

"நடிச்சதுக்கே ஒண்ணும் வாங்கலியேடா நாங்க."

எங்கள் வி.ஏ.ஓ. முத்தமிழ்செல்வன் சின்ன வயசுக்காரர். நல்ல மனுஷர். எந்தச் சான்றும் உடனே தர முடியாததற்கு உண்மையாகவே வருத்தப்படுவார்.

"ஐயா, கல்யாணம் ஆகாதவர்னு சான்று இருக்கு. வாரிசு இல்லாதவர்னு இருக்கு. வேலை இல்லாதவர்னுகூட இருக்கு. நடிக்காதவர்னு கம்ப்யூட்டர்ல இல்லையே."

"கையில எழுதிக் குடுங்க" என்றேன்.

"குடுக்கலாம். ஆனா ஒருத்தர் நடிக்கலன்னு எனக்கு எப்படித் தெரியும்? படத்தைப் பார்த்தாத்தானே தெரியும்?"

"என் லேப்டாப்புல இருக்கு சார்" என்றான் ராஜவேல். "இப்பவே பாருங்க."

"அதுல மூஞ்சி ஆதார் கார்டுல இருக்கிற மாதிரில்ல தெரியும். யார் வேணா யாரா வேணா இருக்கலாம். நான் கையெழுத்து போடணும்யா. பெருசாப் பாக்கணும்."

"பெருசாப் பாக்கணும்னா தியேட்டர்ல போடணும் சார்."

"போடுங்க."

"போடறதுக்குத்தான் சான்று கேக்கறாங்க."

வி.ஏ.ஓ. நிஜமாகவே வருத்தப்பட்டார். பிறகு கோப்பைத் தாசில்தாருக்கு அனுப்பினார்.

தாசில்தார் பிரவீணா அம்மாள் கறாரான பேர்வழி. கோப்பை இரண்டு தடவை படித்தார். சிரிக்கவில்லை. கோப்பைப் படித்துச் சிரிக்கிற பழக்கம் அந்த ஆபீஸில் இல்லை.

"பிரச்சினை என்ன? நிலம் யாருதுன்னு தெரியணும்னா என்ன செய்வோம்?"

"ஸ்தல ஆய்வு மேடம்" என்றார் வி.ஏ.ஓ.

"மூஞ்சி யாருதுன்னு தெரியணும்னா?"

"அதுவும் ஸ்தல ஆய்வுதான் மேடம்."

"ஸ்தலம் எது?"

"திரை மேடம்."

அன்றே நோட்டீஸ் போய்விட்டது. 'பெரம்பலூர் எம்.ஜே.கே. சினிமாஸ் வளாகத்தில் வரும் புதன்கிழமை காலை பத்து மணிக்கு மேற்படி திரைப்படம் ஆய்வு செய்யப்படும். முகத்தை ஒப்பிட வேண்டியிருப்பதால் மேற்படி கிராம வாக்காளர்கள் இருநூற்றுப் பன்னிரண்டு பேரும் அசல் முகத்துடன் தவறாது ஆஜராக வேண்டும். எதிர்தரப்பான திருமுருகன் அவர்கள் ஆய்வு முடியும் வரை உடனிருக்க வேண்டும்.'

திருமுருகனால் ஒன்றும் செய்ய முடியவில்லை. உரிய அலுவலர் ஆகிவிட்ட பிறகு அலுவல் உத்தரவை மீற முடியுமா?

எம்.ஜே.கே. சினிமாஸ் முன்பு முருகன் டாக்கீஸ் என்று இருந்தது. பெயரையும் பாப்கார்னையும் மாற்றினார்கள். நாற்காலி அதேதான். நாலு லோடு வேனில் போய் இறங்கினோம். பெண்கள் பட்டுப்புடவை. ஆண்கள் வெள்ளை வேட்டி. அரசு ஆய்வுக்கு யாரும் அவ்வளவு அலங்காரமாக ஆஜரானதில்லை என்று வி.ஏ.ஓ. சொன்னார்.

படம் தொடங்கியது. அரை நிமிஷம் ஓடியிருக்கும்.

"நிறுத்துங்க" என்றார் தாசில்தார். "இடதுபக்கம், சிவப்புத் துண்டு. யாரு?"

"நான்தாங்கம்மா!" என்று ஒருவன் எழுந்தான். கூட்டம் கைதட்டியது.

"பேரு, தகப்பனார் பேரு, கதவிலக்கம் சொல்லுங்க."

எழுதிக்கொண்டார்கள். படம் நகர்ந்தது. மறுபடி நிறுத்தினார்கள்.

"கிணத்தடியில குனிஞ்சிருக்கிறது யாரு? முகம் தெரியல."

"முதுவப் பாத்தாலே தெரியுதுங்களே, எங்க ஊட்டுக்காரரு!" என்றாள் ஒருத்தி.

"முதுகை ஏத்துக்க விதி இருக்கா?" என்று தாசில்தார் வி.ஏ.ஓ.வைக் கேட்டார். விதி இல்லை. அந்த ஆளை முன்னால் வரச் சொல்லி, திரைக்குப் பக்கத்தில் குனிய வைத்து ஒப்பிட்டார்கள். பொருந்தியது.

இப்படியே போனது. இரண்டு மணி நேரப் படத்தை நூற்று நாற்பது இடத்தில் நிறுத்தினார்கள். ஜெயலட்சுமி அழுகிற காட்சியை அவள் வாய் திறந்தபடி இருக்க நிறுத்திவிட்டு எல்லோரும் டீ குடிக்கப் போனார்கள். ராஜவேல் கடைசி வரிசையில் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

கிராம சபைக் காட்சி வந்தது. நிஜ கிராம சபையிலேயே கேமராவை வைத்து எடுத்திருந்தான். மேஜைக்குப் பின்னால் ஒரு ஆள் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தார்.

"நிறுத்துங்க. யாரு இது?"

யாரும் எழவில்லை. வி.ஏ.ஓ. முத்தமிழ்செல்வன் தொண்டையைக் கனைத்தார். "நான் மேடம்."

அவர் பெயரும் ஏறியது. இருபது நிமிஷம் கழித்துப் பயிர்ச் சேதம் பார்க்க வந்த ஜீப்பிலிருந்து கறுப்புக் கண்ணாடியோடு தாசில்தாரே இறங்கினார். அவரே நிறுத்தச் சொன்னார். கொஞ்ச நேரம் தன்னைப் பார்த்தார். தலைமுடியைச் சரி செய்துகொண்டார். திரையில் இருந்ததையல்ல, தலையில் இருந்ததை. பிறகு "எழுதிக்குங்க" என்றார்.

அடுத்து நெடுஞ்சாலை. பாடாலூர் பக்கம் சர்வீஸ் ரோட்டில் மக்காச்சோளம் காயப் போட்டிருந்தது. ஒரு வெள்ளைக் கார் வந்து நின்றது. கதவு திறந்தது. இறங்கிய ஆள் இடுப்பில் கைவைத்து நின்று கத்தினார்.

"யோவ்! ரோட்டை உங்கப்பன் வூட்டுக் களம்னு நெனச்சியா?"

தியேட்டர் இரண்டுபட்டது. விசில். ஒருவன் துண்டைத் தூக்கிப் போட்டான். திரையில், நாற்பது அடி அகலத்தில், சாட்சாத் திருமுருகன்.

முன்வரிசையிலிருந்த திருமுருகன் எழுந்து நின்றார். அவர் ஆயுளில் எத்தனையோ ஆயிரம் படத்தைப் போட்டிருக்கிறார். ஒன்றிலும் அவர் இருந்ததில்லை.

"பின்னாடி போடு" என்றார் ஆபரேட்டரைப் பார்த்து.

போட்டான்.

"இன்னொரு தடவை."

ஏழு தடவை போட்டான். ஏழாவது தடவை உதட்டசைத்துக் கூடவே சொன்னார்.

சாயந்திரம் ஆறு மணிக்கு ஆய்வு முடிந்தது. அறிக்கை வாசித்தார்கள். 'மேற்படி கிராமத்தின் இருநூற்றுப் பன்னிரண்டு பேரில் இருநூற்றுப் பதினொரு பேர் நடித்துள்ளனர். ஆய்வு செய்த அலுவலர்களும் நடித்துள்ளனர். எதிர்தரப்பும் நடித்துள்ளார். மீதமுள்ள ஒருவர் மட்டும் திரையில் எங்கும் தென்படவில்லை.'

அந்த ஒருவன் நான். இரண்டு தடவை ஓட்டிப் பார்த்தார்கள். இல்லை. பச்சை மையில் கையெழுத்திட்டு, கோபுர முத்திரை குத்தி, எனக்குச் சான்றிதழ் கொடுத்தார்கள். 'இவர் மேற்படி திரைப்படத்தில் நடிக்கவில்லை எனச் சான்றளிக்கப்படுகிறது.' வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன்.

ஐம்பது வேண்டிய இடத்தில் ஒன்று. விதிப்படி காட்சி இல்லை.

"அதான் எல்லாரும் பாத்தாச்சே" என்றான் ராஜவேல், ஜெயலட்சுமியிடம். "கொட்டாயிலதான் பாத்தீங்க. மிசினக் குடுத்துருங்க அத்தை."

"இது பாக்குறதாடா? வாயப் பொளந்துகிட்டு அரைமணி நேரம் நின்னேன். டிக்கட்டக் கிழிச்சு, இடைவேளை வுட்டு, முறையாப் பாக்கணும். அதானே பேச்சு?"

அப்போது திருமுருகன் ராஜவேலின் தோளில் கை போட்டார்.

"தம்பி, விதியெல்லாம் இருக்கட்டும். மண்ணோட படம் எடுத்திருக்க. பொங்கலுக்கு ஒம்பது திரையிலயும் போடறேன்."

"சார்!"

"ஒரு சின்ன திருத்தம். அந்தக் கார் சீன். அது ஒரு தடவைதான் வருது. மக்கள் மூணு தடவை விரும்புவாங்க."

"எந்த மக்கள் சார்?"

"இப்ப விசிலடிச்சாங்கள்ல, அவங்க. ஆரம்பத்துல ஒண்ணு, இடைவேளைக்கு ஒண்ணு, முடிவுல ஒண்ணு. மெதுவா நடந்து வர மாதிரி பண்ணு. பின்னாடி கொஞ்சம் தாரை தப்பட்டை."

"அழுவுற சீன் முடிஞ்சு உடனே நீங்க கார்லேர்ந்து எறங்குனா படம் கெட்டுரும் சார்."

ஒன்பது சாவிக்குச் சொந்தக்காரன் பதில் சொல்ல வேண்டியதில்லை. ராஜவேல் எங்களைப் பார்த்தான். இரண்டு வருஷம் சாப்பிடாமல் கொள்ளாமல் எடுத்தது. அந்தப் படத்தின் கண்ணில் தன்னை ஊசி மாதிரி மூன்று தடவை ஏற்றச் சொல்கிறார். அவன் கண் கலங்கியிருந்தது. வெளியே வானமும் மூடியிருந்தது. வங்கக் கடலில் காற்றழுத்தம் என்று காலையில்தான் சொன்னார்கள்.

"படம் கெட்டுரும் அத்தை" என்றான்.

ஜெயலட்சுமி வானத்தைப் பார்த்தாள்.

"கருது கெட்டுரும்டா."

அவன் போய்த் திருத்திக் கொடுத்தான்.

தை முதல் நாள். ஒன்பது திரையிலும் 'அடிமிசின்'. போஸ்டரில் திருமுருகன் கார்க் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஜெயலட்சுமி கார்க் கண்ணாடியில் பிரதிபலிப்பாகத் தெரிந்தாள். ராஜவேல் பெயரைப் படிக்க நான் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தேன். படம் வெளியாவதற்கு முதல்நாளே 'இரண்டாவது வாரம்' என்று ஒட்டியிருந்தார்கள். இப்போதெல்லாம் அப்படித்தானாம்.

பெரிய நடிகரின் ரசிகர்கள் பால் பாக்கெட்டோடு வந்து நின்றார்கள்.

"எங்க தலைவர் படம் எங்கண்ணே?"

"செவ்வாய்க்கிழமை காலையில ஏழு பத்து" என்றார் திருமுருகன். "மக்கள் இப்ப மண்ணோட படத்தைத்தான் விரும்பறாங்க."

"யாருண்ணே சொன்னா?"

"பாரு, ஒம்பது தியேட்டர்லயும் அதானே ஓடுது!"

வாங்கிய பாலை வீணாக்க மனமில்லை. திருமுருகனின் முப்பதடி கட்டவுட் நின்றது. அதன் மேல் ஊற்றிவிட்டுப் போனார்கள்.

கூட்டம் சும்மா சொல்லக் கூடாது. படத்தில் பெரம்பலூர் பஸ் ஸ்டாண்ட் வருகிறது, சிறுவாச்சூர் வெள்ளிக்கிழமைக் கூட்டம் வருகிறது, உடையார்பாளையம் முந்திரிக் காடு வருகிறது என்று செய்தி பரவிவிட்டது. யார் வேண்டுமானாலும் அதில் இருக்கலாம். இரண்டு மாவட்டமும் கிளம்பி வந்தது. ஊரே முறையாக டிக்கெட் கிழித்து உட்கார்ந்தது.

எல்லார் கையிலும் போன். தன் முகம் வந்ததும் எழுந்து நின்று படம் பிடித்தார்கள். பிடித்ததை அங்கேயே நாலு பேருக்கு அனுப்பினார்கள். அனுப்பியதும் கிளம்பினார்கள். பஸ் ஸ்டாண்ட் முடிந்ததும் பெரம்பலூர் போய்விட்டது. கோயில் முடிந்ததும் சிறுவாச்சூர் போய்விட்டது. முந்திரிக்காடு இடைவேளைக்கு முன்னாலேயே வந்தது, அதனால் உடையார்பாளையத்துக்காரர்கள் மதியச் சாப்பாட்டுக்கு வீடு போய்ச் சேர்ந்தார்கள். தாசில்தார் அம்மாள் குடும்பத்தோடு வந்து ஜீப் காட்சிவரை இருந்தார். திருமுருகன் மூன்றாவது தடவை காரிலிருந்து இறங்கியதும் வெளியே வந்து பேட்டி கொடுத்தார். 'உள்ளூர்க் கலைஞர்களுக்காக நான் நடத்திய நெடிய போராட்டம்' என்று தொடங்கியது பேட்டி.

கடைசிக் காட்சியில் மழை பெய்தது. ராஜவேல் மூன்று ராத்திரி நனைந்து எடுத்த மழை. தியேட்டரில் நான் ஒரே ஒரு ஆள்தான் உட்கார்ந்திருந்தேன்.

ஆனால் பேச்சு பேச்சுதான். மறுநாள் காலையில் ஜெயலட்சுமி சங்கிலியை அவிழ்த்துவிட்டாள். மழை இன்னும் இறங்கவில்லை. மூன்று நாளில் ஊர்க் கருது முழுக்க அடித்தாக வேண்டும். மிசின் களத்துக்கு வந்தது. தூசி மண்டையெல்லாம் ஏறியது.

டீ வந்த நேரத்தில் ராஜவேல் டிராக்டரை நிறுத்திவிட்டு ஆள் ஆளாகக் கேட்டுக்கொண்டு வந்தான்.

"அழகேசண்ணே, படம் எப்படி?"

"நான் தூக்கலா இருந்தேன்டா. அந்த நீலச் சட்டைதான் எடுக்கல."

"கதை?"

"அது நீ எழுதுனதுதானே, உனக்குத் தெரியாதா?"

"அத்தை, நீங்க சொல்லுங்க."

"அழுவுற எடத்துல மூக்கு பெருசா வுழுந்திருச்சுடா. அடுத்த படத்துல அந்தப் பக்கமா நின்னு எடு."

வி.ஏ.ஓ.வுக்குப் போன் போட்டான். அவர் கொட்டாவி இயல்பாக வந்திருப்பதாக வீட்டில் சொன்னார்களாம். அதற்கு மேல் அவரிடம் தகவல் இல்லை.

கடைசியில் என்னிடம் வந்தான். கருதுக் குவியலில் பக்கத்தில் உட்கார்ந்தான். முகமெல்லாம் சோளச் சுணை அப்பியிருந்தது. கண் மட்டும் தெரிந்தது.

"பெரியப்பா, நீங்க நேத்து எந்திரிக்கவே இல்லியாமே. கடைசிவரைக்கும் இருந்தீங்கன்னு ஆபரேட்டர் சொன்னாரு."

"இருந்தேன்."

"ரெண்டு மாவட்டத்துலயும் கவர்மெண்ட்டு சீல் வச்ச பார்வையாளர் நீங்க ஒருத்தர்தான். மூஞ்சியப் பாக்க வராத ஆளு. பொய் சொல்ல வேணாம். நல்லா இல்லன்னாலும் சொல்லுங்க. படம் எப்படி?"

எல்லோரும் டீக் கிளாஸைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்கள்.

"கிராம சபையில மூணாவது வரிசையில ரெண்டு நாள் வெயில்ல நின்னேனேடா" என்றேன். "கடைசி மழைவரைக்கும் தேடிப் பாத்துட்டேன். என்னைய மட்டும் ஏன்டா வெட்டுன?"